பல், கவனம், பொறுப்பு

1

என் தங்கையின் மகனுக்கு ஒன்பது வயது. சில மாதங்களுக்கு முன்னால் அவனுடைய கீழ்த்தாடையில் வலது பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பிடுங்குவதற்கு முன் பல் வைத்தியர் அவனை வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைக் கிட்டே இழுத்து, சிறிய கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தார். பிறகு அவனை விட்டுவிட்டுத் தங்கையிடம் கேட்டார்: "ஏம்மா, பிள்ளை பல் தேய்க்கிறானான்னு பார்க்கிறதே இல்லையா?" கோபமாகக் கேட்கவில்லை. தினம் பத்துப் பேரிடம் கேட்டுக் கேட்டுக் கூர் மழுங்கிப்போன கேள்வி அது. தங்கை பதில் சொல்லவில்லை. பையன் நாற்காலியை ஏற்றி இறக்கும் விசை எங்கே இருக்கிறது என்று காலால் துழாவிக்கொண்டிருந்தான். அந்த அறையில் நானும் இருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்குக் கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு இருப்பதாக ஏழாவது வயதில் வேறொரு மருத்துவர் சொல்லியிருந்தார். அவருடைய அறையில் தங்கை மன்னிக்கப்பட்டாள். "நீங்க வளர்த்த விதத்தால வந்ததில்லைம்மா இது. அவனும் வேணும்னு செய்யலை. மூளை வேலை செய்யற விதம் அப்படி" என்றார் அவர். வீட்டுக்கு வந்து அன்று அவள் வெகுநேரம் அழுதாள். நிம்மதியில்தான் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அதே தாய், அதே பையன், வேறொரு நாற்காலி. கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி எழுத நினைக்கிறேன். ஒரு குழந்தையின் சொத்தைப் பல் யாருடைய குற்றம் என்பது பார்வைக்குச் சின்னக் கேள்வி. இலக்கியப் பத்திரிகையில் எழுதத் தகாதது என்றுகூட நண்பர்கள் சிலருக்குத் தோன்றலாம். நாம் சுதந்திரம், தேர்வு, இருத்தல் என்று பெரிய சொற்களில் பேசிப் பழகியவர்கள். அந்தச் சொற்களுக்கு ஏதேனும் அர்த்தம் இருக்குமானால், ஒரு பையன் ராத்திரி ஒன்பது மணிக்குக் குழாயடிக்குப் போகிறானா இல்லையா என்கிற இடத்திலும் அது இருந்தாக வேண்டும். அங்கே செல்லுபடியாகாத சொற்களை வைத்துக்கொண்டு வேறெங்கே என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

2

முதலில் பல்லைப் பற்றி.

உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் மேல்பூச்சாகிய எனாமல்தான். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். இதைக் கட்டிய உயிரணுக்கள் பல் ஈறைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறபோது இல்லாமல் போய்விடுகின்றன. கட்டிடத்தை முடித்துவிட்டுக் கொத்தனார் ஊரைவிட்டே போய்விடுகிற மாதிரி. தோல் கிழிந்தால் ஆறுகிறது; எலும்பு முறிந்தால் கூடுகிறது. எனாமலில் ஓட்டை விழுந்தால் அதை மூட உடம்புக்கு வழி கிடையாது.

ஆனால் ஓட்டை ஒரே நாளில் விழுவதில்லை. பல்மேல் படிந்திருக்கிற மெல்லிய படலத்தில் கிருமிகள் வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை பி.எச். 5.5க்குக் கீழே இறங்குகிறபோது எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைய ஆரம்பிக்கிறது. பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தை முறிக்கிறது. கரைந்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கவும் செய்கிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இதற்கு ஆகும். அதற்குள் இன்னொரு மிட்டாய் வாய்க்குள் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எவ்வளவு தின்றோம் என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். கொடுக்கல் வாங்கல் வெகுநாள் நஷ்டத்தில் போனால் முதலில் ஒரு வெள்ளைத் தழும்பு தோன்றும். அந்தக் கட்டம் வரை திரும்பி வர வழியுண்டு. குழி விழுந்த பின் கிடையாது.

இதில் ஒழுக்கம் சம்பந்தப்பட்ட ஒரு விசித்திரம் இருக்கிறது. நெருப்பில் கை வைத்தால் உடனே தெரியும். பொய் சொன்னால் ராத்திரியாவது உறுத்தும். பல் தேய்க்காமல் படுத்தால் ஒன்றுமே ஆவதில்லை. மறுநாள் காலையில் பல் அப்படியேதான் இருக்கிறது. தேய்த்துவிட்டுப் படுத்தாலும் அப்படியேதான். செய்ததற்கும் செய்யாததற்கும் அன்றைக்கு எந்த அடையாளமும் இல்லை. வலி வருகிறபோது எந்த ராத்திரிக்கான வலி இது என்று யாராலும் சொல்ல முடியாது. காரணமும் விளைவும் இவ்வளவு தள்ளி நிற்கிற காரியத்தைத்தான் நாம் குழந்தைகளுக்கு முதல் ஒழுக்கமாகக் கற்பிக்கிறோம்.

இப்போது அந்தப் பையனை வைத்து யோசிக்க வேண்டும். பல் தேய்க்க வேண்டுமானால் முதலில் செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். பல் என்று ஒன்று இருப்பது ஞாபகத்துக்கு வரவேண்டும். அறையிலிருந்து குழாயடிக்குப் போகிற வழியில் பூனை, தம்பியின் பந்து, சுவரில் ஊர்கிற எறும்புச் சாரி ஆகிய எதிலும் சிக்காமல் போய்ச் சேர வேண்டும். பிறகு சுவாரஸ்யமே இல்லாத ஒரு காரியத்தில் இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்பற்கள் வரைக்கும் வரிசை தப்பாமல் போக வேண்டும். இந்தக் கோளாறு என்னவென்று ஒருவருக்கு விளக்க வேண்டுமானால் மேலே சொன்ன பட்டியலைப் படித்துக்காட்டி, இவையெல்லாம் கஷ்டமாக இருப்பதுதான் அது என்று சொல்லிவிடலாம்.

இதோடு முடிவதில்லை. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பகலில் பசியை மட்டுப்படுத்துகின்றன. சோற்று டப்பா அப்படியே திரும்பி வருகிறது. சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும் பசி எழுந்து, படுக்கப்போகிற வரைக்கும் பையன் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறான். சில குழந்தைகளுக்கு வாய் உலர்ந்தும் போகிறது. உமிழ்நீர் குறைந்தால் பல்லின் ஒரே காவல்காரன் போனதாக அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அவனை உட்காரவைக்கிற மருந்து வாய்க்குள் இப்படியும் ஒரு விலை கேட்கலாம். மருந்தை நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். விலை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. 2004ல் நியூஸிலாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, இந்தக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு மிகுதியான சொத்தை ஏற்படும் சாத்தியம் மற்றவர்களைப் போல ஏறக்குறைய 12 மடங்கு என்றது. வேறு சில ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. யார் தேய்த்துவிட்டார்கள், என்ன தின்னக் கிடைத்தது, வைத்தியரிடம் எப்போது போனார்கள் என்பதெல்லாம் நடுவில் இருக்கின்றன. இந்தத் தடுமாற்றமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோளாறு நேராகப் பல்லை அரிப்பதில்லை. கோளாறுக்கும் பல்லுக்கும் நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

3

பல் சொத்தையானால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

பல்லைப் புழு தின்கிறது என்று உலகத்தின் பல பாகங்களிலும் நம்பியிருக்கிறார்கள். தமிழில் இன்னும் பூச்சிப்பல் என்றுதான் சொல்கிறோம். "பல்லைப் பூச்சி தின்னுட்டுது" என்கிற வாக்கியத்தில் எழுவாய் பூச்சி. பிள்ளையும் எழுவாய் இல்லை, தாயும் இல்லை. விஞ்ஞானமாக இது தப்பு. ஆனால் இந்த இலக்கணத்தில் ஒரு கருணை இருந்தது. வீட்டுக்குள் கறையான் வந்த மாதிரி பல்லுக்குள் பூச்சி வந்துவிட்டது. பாட்டி கிராம்பை நசுக்கி வைத்தாள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்த்து ஏன் என்று கேட்கவில்லை.

1728ல் பாரிஸில் பியேர் ஃபோஷார் பல் வைத்தியத்தைப் பற்றித் தன் பெரிய நூலை வெளியிட்டபோது பூச்சியைத் தேடிப் பார்த்துக் காணோம் என்று சொல்லிவிட்டார். 1890ல், பெர்லினில் இருந்த அமெரிக்கரான வில்லபி மில்லர், வாய்க் கிருமிகள் மாவுப்பொருளிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் உண்டாக்கும் அமிலமே காரணம் என்று எழுதினார். பூச்சி கிருமியாகச் சுருங்கிவிட்டது. கிருமி எல்லோர் வாயிலும் இருக்கிறது. எல்லோர் வாயிலும் இருக்கிற ஒன்றைக் குற்றவாளியாக்க முடியாது. ஆகவே பார்வை தின்கிறவன் பக்கமும் தேய்க்கிறவன் பக்கமும் திரும்பியது. 1914ல் அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பல் சுத்தத்தைப் பாடமாகக் கற்பிக்கும் திட்டத்தை ஆல்ஃபிரெட் ஃபோன்ஸ் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, எண்ணிக்கை சொல்லி, பிரஷ்ஷை மேலும் கீழும் அசைக்கச் சொல்வது ஒரு தேகப்பயிற்சி போலவே நடந்திருக்கிறது. இதனால் எத்தனையோ பற்கள் பிழைத்திருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. கூடவே, சுத்தமான பல் ஒரு நற்சாட்சிப் பத்திரமாகவும் ஆயிற்று. பூச்சி காலிசெய்த இடத்தில் குணம் வந்து குடியேறியது.

இதே காலத்தில் இன்னொரு சரித்திரம் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. 1902ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 43 குழந்தைகளைப் பற்றிப் பேசினார். கட்டுக்கடங்காதவர்கள், உடனடி ஆசையை ஒத்திப்போடத் தெரியாதவர்கள், ஒன்றில் மனம் நிலைக்காதவர்கள். அவர்களில் பலரிடம் புத்திக் குறைவு ஏதும் இல்லை. அவர்களுக்கு இருக்கும் குறைக்கு அவர் வைத்த பெயரில் ஒழுக்கம் என்ற சொல் இருந்தது. ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள ஊனம் என்றார். ஆனால் ஒழுக்கம் என்று சொல்லிக்கொண்டே அதற்கு உடம்பில் காரணம் இருக்கக்கூடும் என்றும் சொன்னார். அங்கேதான் திருப்பம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1968ல் இதை மிகை இயக்கம் என்ற பெயரால் குறித்தது. 1980ல் கவனக்குறைவு என்று மாற்றியது. 1987ல் இரண்டையும் சேர்த்தது. ஒழுக்கம் என்ற சொல் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. இன்று உலகத்தில் நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்கு இது இருப்பதாகக் கணிக்கிறார்கள்.

ஆக, கவனம் குணத்திலிருந்து உடம்புக்கு வந்திருக்கிறது. பல் உடம்பிலிருந்து குணத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு சரித்திரங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் எதிரும் புதிருமாகக் கடந்துபோனதில் என் தங்கை நடுவில் மாட்டிக்கொண்டாள். முதல் மருத்துவரும் பல் வைத்தியரும் பொய் சொல்லவில்லை. அவரவர் துறை எந்த நூற்றாண்டில் எந்தத் திசையில் நடந்ததோ அந்தத் திசையிலிருந்து பேசினார்கள்.

4

சரி, குற்றம் யாருடையது? மூன்று பேரை நிறுத்தலாம்: தாய், பையன், கோளாறு.

தாயை நிறுத்துவது சுலபம். நம் வீடுகளில் குழந்தையின் உடம்பு தாயின் இலாகா. அதனால்தான் கேள்வி அவளிடம் போயிற்று. பையனின் அப்பா எங்கே என்று கேட்கவேண்டும் என்று வைத்தியருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற மாமனைக் கேட்கவும் தோன்றவில்லை. இதைவிட ஆழமான சங்கடம் ஒன்று உண்டு. இந்தக் கோளாறில் ஆளுக்கு ஆள் காணப்படும் வித்தியாசத்தில் சுமார் முக்கால் பங்குக்கு மரபு காரணம் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் பையனிடம் இல்லாத கவனத்தைத் தாயிடமிருந்து வாங்கி நிரப்பு என்று சொல்கிறபோது, அவளிடம் அது இருக்கிறதா என்று யாராவது கேட்கிறார்களா? என் தங்கை சின்ன வயதில் வருஷத்துக்கு மூன்று குடை தொலைப்பாள். அப்பா அதற்காக அவளை அடித்திருக்கிறார். அப்போது அதற்குப் பெயர் அசட்டை. இன்று அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனால் அதற்கு எந்தப் பெயரும் இல்லை.

பையனை நிறுத்தினால் தத்துவத்தின் பழைய பிரச்னை ஒன்று எழுகிறது. நல்லது இன்னதென்று அறிந்திருந்தும் மனிதன் ஏன் அதைச் செய்வதில்லை என்று அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் ஏழாவது புத்தகத்தில் நெடுக யோசிக்கிறார். அறிவு இருப்பது வேறு, அந்தச் சமயத்தில் அது விழித்திருப்பது வேறு என்கிற பேதத்தை அவர் கவனித்திருக்கிறார். தூங்குகிறவனிடமும் குடித்திருப்பவனிடமும் உள்ள அறிவை உதாரணமாக எடுக்கிறார். ஆசையோடு போராடித் தோற்கிறவர்களையும், யோசிக்கவே நிற்காமல் பாய்ந்துவிடுகிறவர்களையும் தனித்தனியாக வைக்கிறார். நம் பையன் இந்த இரண்டாவது ஆளுக்குக் கிட்டே வருகிறான். ஆனால் அவனும் இல்லை. பல் தேய்க்காத ராத்திரியில் அவனைத் தோற்கடித்த ஆசை எது? ஒன்றும் இல்லை. அவன் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். போராட்டம் நடந்திருந்தால் தோல்வி என்று சொல்லலாம். களத்துக்கு அவன் வரவேயில்லை. வராதவனைக் கோழை என்பது நியாயமில்லை.

மிஞ்சியிருப்பது மூன்றாவது பதில்: யாரும் காரணமில்லை, கோளாறுதான் காரணம். மனிதாபிமானமான பதில் இது என்று நானும் நம்பியிருந்தேன். பல் பிடுங்கிய அன்று பஸ்ஸில் திரும்பி வருகிறபோது அவனிடம் சொன்னேன்: "உன் தப்பு இல்லடா. உனக்கு மறதி வர்றது உன் மூளையால." வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே அவன் சொன்னான்: "தெரியும் மாமா. ஆனா பல்லு என்னுதுதானே?"

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் அவனுக்குக் கொடுக்க வந்தது என்ன, அவன் வேண்டாம் என்றது என்ன என்று புரிய ஆரம்பித்தது. 1962ல் பீட்டர் ஸ்ட்ராஸன் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஒரு கட்டுரையில் இரண்டு மனோபாவங்களைப் பிரித்துக் காட்டினார். ஒருவனோடு கோபித்துக்கொள்ளவும், நன்றி பாராட்டவும், மன்னிக்கவும் முடிகிற உறவு ஒன்று. அவனைக் கையாளவேண்டிய, சரிசெய்யவேண்டிய ஒரு விஷயமாகத் தள்ளிநின்று பார்ப்பது மற்றொன்று. இரண்டாவதில் நிந்தனை இல்லை. ஆனால் பேச்சும் இல்லை. ஒருவனை எதற்கும் பொறுப்பில்லாதவன் என்று விடுவிக்கிறபோது, நம்மோடு வாதம் செய்கிற உரிமையையும் அவனிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். குழந்தைகளை வளர்க்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் அலைய வேண்டியிருக்கும் என்பதையும் ஸ்ட்ராஸன் பார்த்திருக்கிறார். ஒன்பது வயதுப் பையன் தன் பல்லைத் தன்னுடையது என்றபோது அந்த நடு இடத்தில்தான் நின்றான். நான் கருணையோடு அவனை வெளியே தள்ளப் பார்த்தேன்.

தள்ளிநின்று பார்க்கிற மனோபாவம் கடைசிவரை போனால் எங்கே கொண்டுவிடும் என்பதற்குப் பல் சம்பந்தமாகவே ஒரு சாட்சி உண்டு. சுவீடனில் லுண்ட் நகரத்தில் விபெஹோல்ம் என்ற பெரிய விடுதி இருந்தது. மூளை வளர்ச்சி குன்றியவர்கள், கற்பிக்கவே முடியாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அங்கே வைத்திருந்தார்கள். 1945லிருந்து சில வருஷங்கள் அவர்களுடைய பற்களை வைத்துப் பரிசோதனை நடந்தது. சர்க்கரையைச் சாப்பாட்டோடு கொடுத்தால் என்ன ஆகிறது, சாப்பாடுகளுக்கு நடுவில் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி விசேஷமாகச் செய்த டாஃபியை ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 24 வீதம் கொடுத்தார்கள். பலருடைய பற்கள் அழிந்தன. அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களாக அவர்களை யாரும் நினைக்கவில்லை. 1954ல் முடிவுகள் வெளியாயின. சாப்பாடுகளுக்கு நடுவே அடிக்கடி தின்கிற, ஒட்டுகிற இனிப்புதான் மிகவும் கெடுதல். அந்த நாட்டில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்கிற வழக்கம் பிற்பாடு பரவியதற்கு இந்த அறிவும் ஒரு காரணம்.

வைத்தியர் கடைசியில் தங்கையிடம் சொன்ன புத்திமதி இதுதான்: "நடு நடுவுல மிட்டாய் கொடுக்காதீங்க." அது உண்மை. அந்த உண்மை வந்த வழியில், மறுக்கத் தெரியாதவர்களின் வாய்கள் இருக்கின்றன. குற்றம் சுமத்தத் தகுதியில்லாதவன் என்று ஒருவனை ஒதுக்குவதற்கும், அவன் பல்லை எதற்கு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்பதற்கும் நடுவில் நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

5

நிந்தனையும் வேண்டாம், விடுவிப்பும் வேண்டாம் என்றால் வேறென்ன இருக்கிறது?

பொறுப்பு என்பது ஒருவனுக்குள்ளே இருக்கிறதா இல்லையா என்று வாயைத் திறந்து பார்க்கிற மாதிரி பார்த்துச் சொல்லக்கூடியது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. என் பற்கள் ஓரளவு நன்றாக இருக்கின்றன. இதை என் கவனத்தின் பலன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், எட்டு வயது வரைக்கும் அம்மா என் மோவாயைப் பிடித்து அண்ணாத்திக்கொண்டு தானே பல் தேய்த்துவிட்டாள். தேய்க்காமல் வந்தால் காப்பி கிடையாது என்பது வீட்டுச் சட்டம். இந்தச் சட்டம் எப்போது எனக்குள் வந்து உட்கார்ந்தது, எப்போது அதை என் சுபாவம் என்று சொல்ல ஆரம்பித்தேன் என்பது தெரியாது. நான் கடனாக வாங்கிய கவனத்தை முதலாகப் போட்டுத்தான் என் ஒழுக்கம் நடக்கிறது. கடன் கொடுத்தவளை மறந்துவிட்டதால் அது சொந்தப் பணம் மாதிரி தெரிகிறது.

இந்தப் பையனுக்கும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், மற்றப் பிள்ளைகளுக்கு எட்டு வயதில் நின்றுவிடுகிற கடன் இவனுக்குப் பதினைந்து வரைக்கும் தேவைப்படலாம். எப்போது தானாக நடக்கும் என்று கெடு வைக்க முடியாது. திருப்பி வரும் என்கிற நிச்சயமும் இல்லை. இதைத் தாய் ஒருத்தியே கொடுக்க முடியாது. அவளே கடன் வாங்கவேண்டிய நிலையில் இருக்கலாம். அப்படியானால் அவளுக்கு யார் கொடுப்பது? கேள்வி இப்படி ஒவ்வொருவராக நகர்ந்து அறையில் நான்காவது ஆளாக நின்றவனிடம் வந்து சேர்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் என் வீட்டுக்கு வருவான். எனக்கு எழுத வேண்டியிருக்கும். அவன் அலமாரியைத் திறப்பான், புத்தகங்களை இறக்குவான், ஒன்று கேட்டால் ஒன்பது கேட்பான். தேன்மிட்டாய் வாங்கி வைத்திருந்தேன். ஒன்று கொடுத்தால் பத்து நிமிஷம் அடங்கி இருப்பான். எனக்கு ஒரு பத்தி முடியும். பிறகு இன்னொன்று. இப்படி இரண்டு வருஷம். கவனத்தைப் பற்றியும் பிரக்ஞையைப் பற்றியும் நான் எழுதிய கட்டுரைகளில் சிலவற்றை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் படித்திருக்கலாம். அவற்றில் ஒன்றிரண்டாவது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதப்பட்டவை. லுண்ட் நகரத்தில் செய்ததைச் சிறிய அளவில் நானும் செய்திருக்கிறேன். எந்த முடிவையும் கண்டுபிடிக்கும் உத்தேசம்கூட இல்லாமல்.

அந்தப் பல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பாற்பல் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கறுப்பாகத் தெரிகிறது என்று தங்கை ஒருமுறை சொன்னபோது "விழுந்து முளைக்கிற பல்தானே" என்றவன் நான். ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு நிரந்தரப் பல் முளைக்கிறது. முன்பல் விழுந்தால் வீடே பார்க்கிறது. பொக்கை வாயைப் பார்த்துச் சிரிக்கிறது. இது ஓசையில்லாமல் வந்து மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. மூன்று வருஷம் அது அவன் வாயில் இருந்தது. கவனக்குறைவு இல்லாத பெரியவர்கள் நாலைந்து பேர் அந்த வீட்டில் புழங்கினோம். அது வந்ததையும் ஒருவர் பார்க்கவில்லை, கெட்டதையும் பார்க்கவில்லை.

தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. எதிரில் இருப்பவனைச் சேர்த்துக்கொள்வது ஒன்று, விலக்கிவிடுவது மற்றொன்று. வைத்தியர் "நீங்க" என்று கேட்டார். நான் பஸ்ஸில் "உன் தப்பு இல்லை" என்று ஒருமையில் மன்னித்தேன். அந்த அறையில் ஒருவராவது "நாம" என்று ஆரம்பித்திருந்தால் அந்த வாக்கியம் எப்படி முடிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பையனும் சேர்ந்திருப்பான். நிந்தனையும் அதற்குள் இருந்திருக்கும். ஆனால் பங்கு போட்டுக்கொள்ளும்படியாக இருந்திருக்கும்.

இப்போது அவர்கள் இருக்கிற தெருவுக்கே நான் குடிவந்துவிட்டேன். வேறு காரணங்களுக்காக வந்தேன்; தியாகம் ஒன்றுமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் அவனோடு குழாயடியில் நிற்கிறேன். நானும் தேய்க்கிறேன், அவனும் தேய்க்கிறான். அவன் பாதியில் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே பூனையைத் தேடிப் போவான். கையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தேய்த்துவிடுவேன். சில நாட்கள் சண்டை வரும். போன வாரம் இரண்டு நாள் மறந்துவிட்டோம். அவன் மறந்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிடுங்கிய பல்லை அன்று அவன் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். முன்பற்கள் விழுந்தபோது பாட்டி அவற்றைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொன்னது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சாணிக்கு எங்கே போவது, ஒரு காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: "இதை எறிஞ்சாலும் முளைக்குமா மாமா?"

முளைக்காது என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், பல் என்னுது என்று சொன்னவனிடம் அது சரியாகப் படவில்லை. வைத்தியர் சொன்ன இன்னொன்றையும் சொன்னேன். பின்னால் பன்னிரண்டு வயது வாக்கில் ஒரு பல் முளைக்கும். இந்த வயதில் இது போய்விட்டதால், அது கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்து இந்த இடத்தை ஓரளவு அடைத்துக்கொள்ளக்கூடும். நிச்சயமில்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

அவன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, காகிதப் பொட்டலத்தை எறியாமல் என்னிடம் கொடுத்தான். "நீயே வச்சுக்கோ மாமா, நான் தொலைச்சிடுவேன்" என்றான்.